பாலம் முடியும் மட்டும்

போன வருடம் சித்திரை வருடப் பிறப்புக்கு மறுநாள் காலை, மச்சாள் சைக்கிளிலிருந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, "எங்க மச்சாள் பேர் எழுதுறாங்க?" என்று கேட்டது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நெற்றியில் தலைக்கவசத்தின் பட்டி பதிந்து ஒரு சிவப்புக் கோடு. முழங்காலுக்குக் கீழே வயல் வீதியின் புழுதி வியர்வையில் குழைந்து ஒட்டியிருந்தது. மைதானத்தின் ஒரு மூலையில் வழுக்கு மரத்துக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்தி, மரதன் ஓட்டத்துக்கு இன்னும் பெயர் கொடுக்காதவர்கள் உடனடியாக மேடைக்கு வரவும் என்று அறிவித்தார்கள். அந்த அறிவித்தல் தனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு மச்சாள் மேடையை நோக்கி நடந்தாள். இருட்டு விலகியதிலிருந்து சைக்கிள் மிதித்த கால்கள் என்பதால் நடை சற்றுக் கோணலாகத்தான் இருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

அன்றைக்கு நடந்ததை இப்போது ஊரில் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். படுவான்கரையில் பெண்களையும் ஓட வைத்த பெருமை தங்களுடையது என்று இந்த வருட அழைப்பிதழிலேயே விளையாட்டுக் கழகம் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. யாரும் யாரையும் ஓட வைக்கவில்லை. ஓட வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒருத்தி ஓடினாள், அவ்வளவுதான். கூடவே போய்ப் பார்த்தவள் நான் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, நாற்பதைத் தாண்டிவிட்டோம். எங்கள் பக்கத்தில் அவள் எனக்கு மச்சாள் என்றால் நானும் அவளுக்கு மச்சாள்தான். எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் அண்ணன்தான் அவளுடைய வீட்டுக்குக் குடிபோனார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த ஊர் அது. நான் வாவிக்கு இந்தப் பக்கம் புளியந்தீவில் இருந்துகொண்டு மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை பார்க்கிறேன். அண்ணன் சில வருடங்களாகக் கத்தாரில் லொறி ஓட்டுகிறார். மச்சாள் அரசாங்க மருத்துவமாது. வயல் வட்டைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற வீடுகளுக்கு வெயிலில் மோட்டார்சைக்கிளிலும் வெள்ளத்தில் தோணியிலும் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும், பிள்ளைகளை நிறுப்பதும், பால் கொடுக்கத் தெரியாமல் அழுகிற புதுத் தாய்மாருக்குப் பக்கத்தில் இருப்பதும் அவளுடைய வேலை. அந்தப் பகுதியில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அவள் மிஸ். புருஷனிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்லியிருப்பார்கள்.

அவள் பள்ளிக்கூடக் காலத்தில் ஓட்டக்காரி என்பது கல்யாணம் முடிந்து நெடுநாளைக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பதினாறு வயதில் வலய மட்டத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடி முதலாவதாக வந்து, மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறாள். அது சண்டைக் காலம். படுவான்கரை ஒரு தரப்பின் கையிலும், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை இன்னொரு தரப்பின் கையிலும் இருந்தன. மண்முனையில் அன்று பாலம் இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் நெல்மூட்டைகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைதான் இருந்தது. அதைத்தான் நாங்கள் பாதை என்று சொல்வோம். போட்டிக்குப் போகிற அன்று விடிய, வெள்ளைச் சட்டையும் கடன் வாங்கிய சப்பாத்துமாக உடற்பயிற்சி ரீச்சரோடு அவள் துறைக்கு வந்திருக்கிறாள். அக்கரையில் என்ன நடந்ததோ, பாதை ஓடவில்லை. மத்தியானம் வரைக்கும் துறையடி மரத்துக்குக் கீழே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அடுத்த வருடம் பள்ளிக்கூடமே ஒழுங்காக நடக்கவில்லை. அதற்குப் பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. துறையில் நின்ற ஒரு மாடு அன்று தன் சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய போட்டி ஒன்று கொழும்பில் நடக்கிறது என்று அவள் எங்கே கேள்விப்பட்டாளோ தெரியாது. ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவள், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, அதற்குப் பதிந்துவிட்டதாகச் சொன்னாள். கடலில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீற்றர் நீந்தி, கரையேறியதும் மட்டக்களப்பிலிருந்து பொலனறுவையை எட்டிப் பிடிக்கிற அளவு தூரம் சைக்கிள் ஓடி, இறங்கி நின்ற இடத்திலிருந்து இருபத்தொரு கிலோமீற்றர் ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு; பிந்தினால் நிறுத்திவிடுவார்கள். விசரா, பைத்தியமா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். வாவிக் கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு நீச்சல் தெரியும். ஆனால் எங்கள் வாவியில் நெடுந்தூரம் நடந்து போனால்தான் கழுத்துக்குத் தண்ணீர் வரும், அலை என்பதே கிடையாது. முதலைக்குப் பயந்து கரையோடு கரையாக நீந்திப் பழகினாள். அந்த நீச்சலோடு கொழும்புக் கடலில் இறங்கினாள். பாதி வழியில் அலை அவளைப் புரட்டி எடுக்க, காவல் படகில் தூக்கிப் போட்டுக் கரை சேர்த்தார்கள். இரவு பஸ்ஸில் திரும்பி வந்து அடுத்த நாள் கிளினிக்குக்குப் போனாள். ஊருக்கு அந்தக் கதையைச் சொன்னதும் அவளேதான். பிள்ளைகளை நிறுக்கிற தராசடியில் வரிசையில் நின்ற தாய்மார் கேட்டதற்கு, "முடியல்ல. தூக்கிற்றாங்க. அடுத்த முறையும் போவன்" என்று சொன்னாளாம்.

ஊருக்கு அது பிடித்துக்கொண்டது. வயல் வேலைக்குப் போகிறவர்களும் கடைத்தெருவில் நிற்கிறவர்களும் அவளைக் கண்டால் கடல் எப்படி என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளோ ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் வாகரைப் பக்கம் மாங்கேணிக்குப் போகத் தொடங்கினாள். அங்கே கல்யாணம் செய்துபோன அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தியின் புருஷன் தோணி வைத்திருக்கிறார். அவர் வலை இழுத்து முடித்து வந்து, தோணியைப் பக்கத்தில் விட்டுக்கொண்டு போக, மச்சாள் கடலில் நீந்தினாள். முதல் நாட்களில் உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கரையில் வந்து வாந்தி எடுத்தாள். கழுத்திலும் அக்குளிலும் தோல் உரிந்து, கிளினிக்கில் பிள்ளைகளைத் தூக்கும்போது முகம் சுளிப்பாள்.

அண்ணன் எனக்குத்தான் அழைத்தார். அவள் கறுப்பு நீளக் காற்சட்டையோடு ரோட்டில் ஓடுவதை யாரோ ஒளிந்திருந்து படம்பிடித்து அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். கத்தாரில் அவரோடு ஒரே அறையில் இருக்கிறவர்களுக்கும் அது வந்திருக்கிறது. "அவளக் கொஞ்சம் நிப்பாட்டு புள்ள" என்றார். "நீங்க வந்து நிப்பாட்டுங்க அண்ணன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை மச்சாளிடம் சொன்னபோது அவள் முற்றத்தில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த நேரம் பாதை பூட்டிக் கிடந்திச்சு மச்சாள், திரும்பிப் போனன். அதுக்கு ஒருத்தரையும் குறை சொல்ல ஏலா. இப்ப பாலமே போட்டிரிக்கு. திறந்து கிடக்கிற ரோட்டில ஓடுறதுக்கு நான் ஆரிட்டக் கேக்கணும்?"

சங்கிலியைச் சுழற்றிப் பார்த்து, மீதி எண்ணெயையும் விட்டாள்.

சித்திரை விளையாட்டு விழாவில் மரதன் ஓடுவதென்று அவள் முடிவெடுத்தது வீறாப்புக்காக இல்லை. எங்கள் ஊர்களில் கொஞ்சம் நீளமாக ஓடினாலே அது மரதன்தான். கழக மைதானத்தில் தொடங்கி, மண்முனைப் பாலத்தைக் கடந்து, எழுவான்கரைப் பக்கத்து அந்தத்தை, அதாவது பாலத்தின் முடிவைத் தொட்டு, அங்கே கிறுகி, மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். போய் வரப் பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட. அவளுடைய பயிற்சித் திட்டத்தில் அன்றைக்கு நீண்ட சைக்கிள் ஓட்டமும், இறங்கியவுடன் ஓட்டமும் இருந்தன. மிதித்து மரத்துப்போன கால்களோடு ஓடப் பழக வேண்டும். எப்படியும் அந்த ரோட்டில்தான் ஓடப்போகிறாள். அன்றைக்கென்றால் வாகனங்களை மறிப்பார்கள், வழியெல்லாம் தண்ணீர் வைத்திருப்பார்கள், நாய்களைக் கட்டி வைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டாள். நோட்டீசில் அனைவரும் வருக என்று போட்டிருந்தது. அதனால் வருடப் பிறப்புப் பலகாரத்தை மூடி வைத்துவிட்டு, மறுநாள் வெளிச்சம் வந்ததும் சைக்கிளில் புறப்பட்டாள். வெளிச்சத்துக்கு முன் புறப்பட முடியாது. அந்தப் பக்கம் யானை இறங்கும். பாலத்தால் எழுவான்கரைக்கு வந்து, தெற்கும் வடக்குமாகக் கடற்கரை வீதியில் ஓடி, புளியந்தீவில் என் வீட்டு வாசலில் மணியடித்தாள். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, தேசிக்காய்த் தண்ணீர்ப் போத்தல்களோடு அவளுக்குப் பின்னால் வலையிறவுப் பாலத்தால் படுவான்கரைக்குப் போனேன்.

மேடையில் கழகத் தலைவர் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஊரில் ஒரு சாவீடு என்றால் முதலில் வந்து நிற்கிறவர். மச்சாள் பெயரைச் சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்தார். இது ஆம்பிளைகளின் போட்டி, வெயில் ஏறுகிறது, ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று தாழ்ந்த குரலில்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் கேட்கத் தொடங்கியதும் அவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"பொம்பிளைகளுக்குத் தேங்காய் துருவுற போட்டி இரிக்கு மிஸ். ஊசியில நூல் கோக்கிறது இரிக்கு. பின்னேரம் வாங்க."

"அதுக்கும் பேர எழுதுங்க" என்றாள் மச்சாள். "மரதன் ஓடி முடிய வந்து துருவுறன்."

சிரிப்பு எழுந்தது. அது தனக்கு எதிரான சிரிப்பு என்று தலைவர் நினைத்திருக்க வேண்டும். கொழும்பில் கடலுக்குள் இருந்து தூக்கினார்களாமே, இங்கே ரோட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வரத் தங்களிடம் ஆள் இல்லை என்று ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருந்தபடியே சொன்னார். மைதானம் முழுக்க அது கேட்டது. இந்த முறை சிரிப்புப் பெரிதாக இருந்தது. மச்சாளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள். பிறகு, "பேர் எழுதாட்டிப் போங்க. நம்பரும் வேணாம், பரிசும் வேணாம். ரோட்ட ஆரும் எழுதி வாங்கல்லத்தானே" என்றாள். சண்டைக் குரல் இல்லை. கிளினிக்கில், இந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்க என்று சொல்லும் அதே குரல். மேடையிலிருந்து இறங்கி, சுண்ணாம்புக் கோட்டுக்குப் பத்தடி பின்னால், பொடியன்மார் எல்லோருக்கும் பின்வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

விசில் ஊதியதும் இளவட்டங்கள் பாய்ந்து போனார்கள். அரைவாசிப் பேருக்குக் காலில் சப்பாத்து இல்லை. ஒருவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடினான். மச்சாள் கடைசியாக, அவசரமே இல்லாமல் புறப்பட்டாள். இது தனக்குப் போட்டி இல்லை, பயிற்சி என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். ஆனால் நம்மைப் பார்த்துச் சிரித்த ஊரின் நடுவே கடைசி ஆளாக மெதுவாக ஓடுவது எவ்வளவு கடினமென்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் பக்கத்தில் வந்து கடல்கன்னி, கடல்கன்னி என்று கூப்பிட்டு விசிலடித்தார்கள். அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் ஸ்கூட்டரை அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே கொண்டுபோய் விட்டேன். அவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நானும் அடித்தேன். கச்சேரியில் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அறுவடை முடிந்து வெளித்துக் கிடந்த வட்டைகளைத் தாண்டி வீடுகள் தொடங்கும் இடத்தில் பெண்கள் வாசல் படலைக்கு வந்து நின்றார்கள். முதலில் பொடியன்மாரைப் பார்க்கத்தான் வந்திருப்பார்கள். மிஸ் ஓடி வருகிறாள் என்றதும் உள்ளே இருந்தவர்களும் ஈரக் கையோடு வந்தார்கள். யாரும் கைதட்டவில்லை; படலையில் நின்று தட்டுகிற பழக்கம் அங்கே இல்லை. செம்பில் தண்ணீர் நீட்டினார்கள். ஒருத்தி தன் வீட்டுப் பெரிய வளவின் படலையை அகலத் திறந்துவிட்டு, "இஞ்சால ஓடுங்க மிஸ், பின்பக்கப் படலையால ரோட்டுக்கு ஏறலாம், முழுக்க மாமர நிழல்" என்றாள். மச்சாள் ஓடிக்கொண்டே, வளவால் ஓடினால் மறுகா அதற்கும் ஒரு கதை சொல்லுவார்கள், ரோட்டாலேயே போகிறேன் என்று பதில் சொன்னாள். அவளுக்கு மூச்சு வாங்காமல் பேச முடிந்ததைக் கண்டபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

பாலத்தில் வாவிக் காற்று குறுக்காக அடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் தகடாக மினுங்கியது. எழுவான்கரை அந்தத்தில் கழகத்தின் பொருளாளர் குடைக்குக் கீழே நின்று, வந்து தொடுகிற ஒவ்வொருவரின் கையிலும் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நாடா இல்லாதவன் இடைவழியில் திரும்பியவன் என்று கணக்கு. மச்சாள் வருவதைக் கண்டதும் அவர் கையை நீட்டினார். பிறகு பையிலிருந்த கைபேசியைத் தொட்டுப் பார்த்தார். மேடையிலிருந்து ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்பது விளங்கியது. நாடாவைப் பிடித்த கை நடுவில் நின்றுவிட்டது. அவருடைய இரண்டாவது பிள்ளை குறைமாதத்தில் பிறந்து, மச்சாள் வாரக்கணக்காக அந்த வீட்டுக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும். அவள் அதை நினைவூட்டவில்லை. நின்ற இடத்தில் ஓடிக்கொண்டே, "தராட்டிப் பரவால்ல. நான் எங்க வந்து கிறுகினன் எண்டு நீங்க கண்ணால பாத்திங்க. அது போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

திரும்பும் வழியில்தான் வெயில் தன் வேலையைக் காட்டியது. பாய்ந்து போனவர்கள் ஒவ்வொருவராக நடக்கத் தொடங்கினார்கள். ஒருவன் மதகில் குந்தித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சாரம் கட்டியவன் யாரோ ஒருவருடைய சைக்கிள் கரியரில் ஏறிக்கொண்டான். மச்சாள் போன அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. உள்ளங்கையைத் தொடையில் அடித்து அடித்து ஓடினாள். கால் இழுக்கிறது என்று அதற்கு அர்த்தம். நிற்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "கதைக்காத" என்றாள். மைதானத்தை நெருங்கும்போது அவளுக்குப் பின்னால் பாதிப் பேர் இருந்தார்கள்.

ஆனால் மைதானத்தில் மரதனை முடித்து வைத்துவிட்டிருந்தார்கள். முதல் மூன்று பேர் வந்ததும் முடிவுக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அதே இடத்தில் பெண்களின் கயிறு இழுத்தலைத் தொடங்கியிருந்தார்கள். நுழைவாசலுக்குக் குறுக்கே வடம் கிடந்தது. இரண்டு பக்கமும் ஊர்ப் பெண்கள் குதிக்காலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நின்றார்கள். விசிலும் ஊதியாயிற்று. மச்சாள் வருவதைத் தலைவர் கண்டார். அவர் ஒலிவாங்கியில் இழுங்கள் என்றுதான் சொன்னார். வடம் இடுப்பளவு உயரத்தில் விறைத்து நின்றது. அவள் வேகம் குறைத்து, எந்தப் பக்கத்தால் சுற்றுவதென்று பார்த்தாள். அப்போது இந்தப் பக்க அணியின் முன்னால் நின்றவள், முந்திய மாதம்தான் பிள்ளை பெற்ற ஒருத்தியின் தாய், அவளைக் கண்டுவிட்டு, "விடுங்க கா, மிஸ் வாறா" என்றாள். எதிர்ப் பக்கத்துக்கும் அது கேட்டது. இரண்டு அணியும் ஒன்றாகக் குனிந்து வடத்தைத் தரையில் வைத்தார்கள். எறியவில்லை, வைத்தார்கள். ஒலிபெருக்கி சத்தம்போட்டது. வடத்தைத் தாண்டி மச்சாள் உள்ளே ஓடி வந்து, சுண்ணாம்புக் கோட்டை மிதித்து, நின்று, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். பிறகு பெண்கள் வடத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து இழுத்தார்கள்.

பின்னேரம் அவள் தேங்காய் துருவினாள். சிரட்டையும் சேர்ந்து விழ, கடைசியாக வந்தாள். அதில்தான் அன்று கைதட்டல் கேட்டது. அவளும் சேர்ந்து தட்டினாள். பரிசளிப்பு நேரம், மிஸ் உண்மையிலேயே பாலம் முடிய ஓடினாளா, இடையில் ஸ்கூட்டரில் ஏறினாளா என்று யாரோ கூட்டத்தில் கேட்டார்கள். தலைவர் அடுத்த பரிசுக்குரிய பெயரை வாசித்தார். மேடையின் ஓரத்தில் மீதி நாடாக்களைச் சுருட்டிக்கொண்டிருந்த பொருளாளர் தலையை நிமிர்த்தாமலே, "அந்தத்தத் தொட்டுத்தான் கிறுகினவ. நான் பாத்தன்" என்றார். மறுபடி நாடாக்களைச் சுருட்டுவதில் இறங்கிவிட்டார். அவருக்கும் அந்தக் கழகத்தில்தானே இருக்க வேண்டும்.

அன்று மாலை அண்ணன் அழைத்தார். இந்த முறையும் படம் அவருக்குப் போயிருந்தது. கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், நெல் விலையைக் கேட்டார். பிறகு, எத்தனையாவதாம் என்று கேட்டார். கணக்கில் எடுக்கவில்லை என்றேன். கணக்கில் எடுத்திருந்தால் எத்தனையாவது என்றார். பாதிப் பொடியன்மாருக்கு முன்னால் என்றேன். "சப்பாத்து இல்லாமலா அவங்கள் ஓடினவங்கள்?" என்று கேட்டார். பாதிப் பேர் என்றேன். "அவள் சைக்கிள் ஓடிற்றுத்தானே வந்தவள்" என்றார், யாரோ அவளைக் குறைத்துச் சொன்னதுபோல. இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். பிரித்தால் நீச்சல் கண்ணாடி. கடையில் கேட்கத் தெரியாமலோ என்னவோ, சின்னப் பிள்ளைகளின் அளவில், ரோஸ் நிறத்தில், ஓரத்தில் மீன் படம் போட்டது. மச்சாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். பட்டியை அறுத்து, வேறு றப்பர் கோத்து நீளமாக்கி, மாங்கேணிக் கடலில் அதைத்தான் போட்டாள்.

அடுத்த கொழும்புப் போட்டிக்கும் அதோடுதான் போனாள். நானும் போயிருந்தேன். கடற்கரையில் விலை உயர்ந்த சைக்கிள்களோடும் உடைகளோடும் நின்ற கூட்டத்துக்குள் மீன் படக் கண்ணாடியோடு ஒரு பெண் நிற்பதைப் பலர் திரும்பிப் பார்த்தார்கள். நீச்சலின் நேரம் முடியப்போகிற கட்டத்தில் அவள் தண்ணீரிலிருந்து எழும்பி வந்தாள். நடக்க முடியாமல் கைகளை ஊன்றித்தான் மணலில் ஏறினாள். சைக்கிளில் சில பேரைப் பிடித்தாள். ஓட்டத்தில் தன் வேகத்திலேயே ஓடி, நேரம் முடிவதற்கு முன்னால் வந்து சேர்ந்தாள். பின்னால் அதிகம் பேர் இல்லை. கழுத்தில் போட்ட பதக்கத்தைப் பஸ்ஸில் கழற்றிப் பைக்குள் வைத்தவள், கிளினிக்கில் யாரும் கேட்டால் மட்டும் முடித்துவிட்டதாகச் சொன்னாள். தோற்றதைச் சொன்ன அதே அளவு சத்தத்தில்.

இந்த வருட அழைப்பிதழ் வந்தபோது அதில் பெண்களுக்கான மரதன் என்று தனியாக ஒரு வரி இருந்தது. கழகத்தின் பெருமையைப் பற்றிய வரியும் இருந்தது. கீழே சின்ன எழுத்தில், பெண்கள் பாலத்தில் ஏறாமல் படுவான்கரைப் பக்கத்து மதகடியில் திரும்ப வேண்டும் என்று போட்டிருந்தார்கள். பாதுகாப்புக்காகவாம். இந்த முறை மச்சாளின் வீட்டுக்கே வந்து தலைவர் அழைப்பிதழைக் கொடுத்தார். முதலாம் இடம் அவளுக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் கதிரை போட்டு இருக்கச் சொன்னாள், தேத்தண்ணீர் கொடுத்தாள், அழைப்பிதழைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.

"பாலத்துக்கு இந்தப் பக்கமே கிறுகிறதெண்டா அத நான் பதினாறு வயசிலயே செஞ்சிற்றன் ஐயா. எனக்கெண்டு வெட்டித் தாற தூரத்த நான் ஓட மாட்டன்."

தலைவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். ஆண்களின் ஓட்டத்துக்கு அவளுடைய பெயரை இந்த முறையும் எழுதவில்லை. பெண்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே என்று காரணம் சொன்னார்கள். போட்டி நாளில் அவள் எண் இல்லாமல், பெண்கள் ஓட்டம் தொடங்கியபோது அவர்களுக்கும் பின்னால் புறப்பட்டாள். முப்பது பேருக்குக் கிட்ட ஓடினார்கள். வீட்டு உடுப்போடு சிலர், பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டையோடு சிலர். நான் ஸ்கூட்டரில் போனேன். மதகடியில் ஒருவர் கொடி பிடித்து நின்று, வந்தவர்களையெல்லாம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் திரும்பினார்கள். அவர்கள் செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஓடக் கிடைத்ததே பெரிது என்று எத்தனை பேர் அன்று வீட்டில் சண்டை போட்டு வந்திருப்பார்கள். மச்சாள் கொடிக்குப் பக்கத்தால் நேரே பாலத்தில் ஏறினாள்.

நான் அவளுக்குப் பின்னால் போக ஸ்கூட்டரை முடுக்கினேன். அப்போது பக்கக் கண்ணாடியில், மதகடியில் திரும்பாமல் நேரே வருகிற மூன்று பேர் தெரிந்தார்கள். ஒருத்தி பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், ஒருத்தி ஆடைத் தொழிற்சாலைக்குத் தையல் வேலைக்குப் போகிறவள், மூன்றாமவளை நான் அதற்கு முன் கண்டதே இல்லை. வெறுங்காலோடு, தாவணியை இடுப்பில் இறுக்கிச் சொருகியிருந்தாள். கொடிக்காரர் குறுக்கே வந்து, கிறுகுங்க, இங்கதான் கிறுக வேணும், பரிசு இல்லாமல் போகும் என்று சொல்லிக்கொண்டே அவர்களோடு நாலைந்து அடி ஓடினார். பேசக்கூட மூச்சு இல்லாத நிலையில் அந்த மூன்றாமவள்தான் பதில் சொன்னாள்.

"பாலம் முடியும் மட்டும் போயிற்று வாறம்."

முன்னால் மச்சாள் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, காற்றுக்கு எதிராகத் தன் பயிற்சி வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஆட்கள் வருவது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நின்றிருக்க மாட்டாள்.